கயிறு பறிக்காத கண்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்புகிறாய். இங்கிருந்து சென்னை, அங்கிருந்து விமானம், அப்புறம் ஏதோ ஒரு துறைமுகம், அதற்குமேல் கப்பலில் ஆறு நாள். உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டினாயே, அந்தத் தீவு உன் நகத்துக்குள்ளேயே மறைந்துபோனது. அதைச் சுற்றிக் கடலுக்கடியில் ஐந்தாறு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிற சேற்றில் போனுக்கும் காற்றாலைக்கும் பேட்டரி வண்டிக்கும் வேண்டிய அரிய உலோகங்கள் இருக்கின்றன, அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் போகிறேன் என்று அம்மாவுக்கு விளக்கினாய். "சேறு அள்ளறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றாள் அவள். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அப்பாவுக்குக் கடல் பேச்சு என்றால் ஆகாது என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். கடலால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை, பாப்பா. நான் எழுந்துபோனது வேறு காரணத்துக்காக.

உனக்கு இரண்டு பொய் சொல்லி வளர்த்தேன். ஏழுமலை மாமாவின் காலும் கண்ணும் கப்பலில் கயிறு அறுந்து போனவை என்பது ஒன்று. பெரியப்பாவின் வலது முழங்கை மாடு முட்டி உடைந்தது என்பது இன்னொன்று. கால் போனது கயிற்றால்தான். கண்ணும் கையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், கச்சிராயபாளையம் ரோட்டில் போனவை. கண்ணை எடுத்தது உன் பெரியப்பா. கையை உடைத்தது நான். இரண்டுக்கும் தொடக்கம் என் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ கப்பல் ஏறக்கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. வீட்டில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கும் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழே வண்டியில் நின்று கட்டுக்குச் சங்கிலி மாட்டிவிடுவது ஏழுமலையின் வேலை. நம் ஊருக்கு அடுத்த ஊர், மலையடிவாரத்தை ஒட்டிய காலனி அவனுக்கு. கிரேன் சத்தத்தில் பேச்சு கேட்காது. கைதான் பேச்சு. விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. மூன்று அரவைப் பருவம் அவன் கையைப் பார்த்துத்தான் நான் லீவரை அசைத்தேன். ஒருவனுக்கும் சிராய்ப்புகூட வந்ததில்லை. கடலில் தாது தேடுகிற கப்பல் ஒன்றுக்கு கயிற்றை இழுக்கிற வின்ச் எந்திரம் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்தபோது, சைகை காட்ட இவனும் வந்தால்தான் வருவேன் என்றேன். அப்போதுதான் ஏழுமலைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்சாதி செல்லி மாசமாக இருந்தாள். போகாதே என்று அழுதாளாம். என்னை நம்பித்தான் அவன் வந்தான்.

எங்கள் கப்பலும் ஒரு தீவைச் சுற்றித்தான் அலைந்தது. ஆள் இல்லாத தீவு. பறவை எச்சத்தால் பாறையெல்லாம் வெள்ளையடித்ததுபோல் இருக்கும். அதற்கப்பால் எந்தப் பக்கம் திரும்பினாலும் எட்டு நாளைக்குத் தண்ணீர்தான். இரும்புக் கம்பிக் கயிற்றில் ஒரு பெரிய பெட்டியைக் கட்டி அடிவரைக்கும் இறக்கி, தரையில் இழுத்து, மறுபடி மேலே தூக்குவோம். இறக்கி ஏற்றினாலே பொழுது போய்விடும். பெட்டிக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கருப்பாக உருண்டைகள் இருக்கும். அன்றைக்குப் படித்தவர்களுக்கு அந்த உருண்டைதான் வேண்டியிருந்தது. அதில் ஒட்டிக்கொண்டு வரும் பழுப்புச் சேற்றை நானும் ஏழுமலையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் கடலில் விடுவோம். நீ தேடிப் போகிற சேறு, பாப்பா, எத்தனையோ டன் நாங்கள் ஹோஸ் பிடித்துக் கழுவித் தள்ளியது.

ஆலையில் இருந்தவரை அவன் என்னை 'ணா' என்றுதான் கூப்பிடுவான். கப்பல் ஏறிய மூன்றாம் நாள் "டேய், தூங்கினது போதும், எழுந்திரு" என்றான். எனக்கு முதலில் சுருக்கென்றது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அதற்கப்புறம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவனுடைய லுங்கியை நான் கட்டினேன், என் பாயில் அவன் படுத்தான். நான் ரொம்ப மாறிவிட்டேன் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நம்பாதே என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம்மை யாருக்கும் தெரியாத இடத்தில் நல்லவனாக இருப்பது சுலபம்.

அன்றைக்கு மதியம் பெட்டி அடியில் பாறையில் மாட்டிக்கொண்டது. கயிறு விறைத்து வீணைக்கம்பி மாதிரி அதிர்ந்தது. இழுவையைக் காட்டும் மீட்டரில் ஊசி சிவப்புக்குள் போனது. பின்தளத்தில் கயிறு கடலுக்குள் இறங்குகிற கப்பியின் பக்கத்தில் ஏழுமலை நின்றிருந்தான். முஷ்டியை உயர்த்தினான். நிறுத்து. நன்றாகத் தெரிந்தது எனக்கு. அதே நேரம் மேலே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சூப்பர்வைசர், "இழு! பெட்டி போச்சுன்னா உன்ன ஊருக்கு அனுப்பிடுவேன், இழு!" என்று கத்தினார். நான் மேலே பார்த்தேன், பின்னால் பார்த்தேன். ஏழுமலை இன்னும் முஷ்டியை இறக்கவில்லை. நான் லீவரைத் தள்ளினேன்.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த கயிறு தளத்தைச் சுற்றி வீசியதை நான் பார்க்கவில்லை, காற்று கிழிகிற ஓசைதான் கேட்டது. இரும்புக் கைப்பிடி ஒன்று வெட்டுப்பட்டு உருண்டது. அப்புறம் நான் பார்த்தது ஒரு பூட்ஸ். அவன் நின்ற இடத்திலேயே நேராக நின்றது. அதற்குள் பாதம் இருந்தது. ஏழுமலை நாலடி தள்ளி உட்கார்ந்தபடி அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், அது என்துடா" என்றான், ஏதோ தொலைந்த பொருளைக் கண்டுபிடித்தவன் மாதிரி. அதற்குப் பிறகுதான் ரத்தம் பீய்ச்சியது, அவன் அலறினான். நான் என் சட்டையைக் கிழித்துக் கட்டினேன். என் கையெல்லாம் வழுக்கியது.

துறைமுகம் எட்டு நாள் தூரம். நாலாம் நாள் கால் கறுத்து நாற ஆரம்பித்தது. கப்பல் டாக்டர் முழங்காலுக்கு மேலே இன்னொருமுறை அறுத்தார். மயக்க மருந்து போதவில்லை. பாதியில் அவன் விழித்துக்கொண்டான். நான்தான் அவன் தோளை அழுத்திப் பிடித்திருந்தேன். என் முன்கையைக் கடித்தான். பல் தடம் இன்னும் இருக்கிறது, நாய் கடி என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஆக மூன்று பொய்.

கரை சேர்ந்ததும் விசாரணை நடந்தது. சைகை எதுவும் காட்டப்படவில்லை, ஆள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றான் என்று டைப் அடித்த காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்று பயம். எப்படியும் வேலை போய்விட்டது, அது வேறு. பாப்பா, நீ இன்ஜினியர், உன் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கும். மேலே நின்று கத்துகிறவனுக்குக் கயிறு தெரியாது. கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கையை உயர்த்தினால் நிறுத்து. பெட்டி போகட்டும், கப்பலே போகட்டும், நிறுத்து.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஏழுமலை நாலு மாதம் கிடந்தான். நானும் கூடவே இருந்தேன். பெண்பிள்ளை பிறந்திருப்பதாகக் கடிதம் வந்தது. இரண்டு அக்குள் கட்டைகளை ஊன்றி நடக்கப் பழகியதும் ஊருக்குக் கிளம்பினோம். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நம் ஆட்கள் காடு கழனியில் வெந்து செத்தார்கள், படிப்பும் வேலையும் யாருக்கோ போனது. ஆனால் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருக்கிற கூட்டத்துக்குக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டியவன் கோட்டையில் இருந்தான். கைக்கு எட்டியவன் பக்கத்துக் காலனியில் இருந்தான்.

விடியற்காலை கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது அதற்குமேல் ஒரு பஸ்ஸும் இல்லை. ஒரு மாட்டு வண்டிக்காரர் பாதி வழி ஏற்றிக்கொண்டு வந்தார். வெட்டிப் போட்ட மரங்களைப் பார்த்ததும் மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து நடந்தோம். தார் ரோட்டில் கட்டையை ஊன்றி ஊன்றி அடியில் இருந்த ரப்பர் தேய்ந்து பிய்ந்துபோனது. உள்ளே இருந்த இரும்புப் பூண் டக்டக்கென்று ரோட்டில் குத்தியது. "செல்லி என்னைப் பாத்துட்டு இன்னா சொல்வாளோ" என்று அவன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

நம் ஊர் எல்லையில் பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அம்பது அறுபது பேர் இருந்தார்கள். கோடாலி, கடப்பாரை, ரம்பம். ஒரு பக்கம் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கியது. பெரியப்பா என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டார். முகமெல்லாம் வீங்கியிருந்தது, தூக்கமே இல்லை. அன்று காலைதான் அடுத்த ஊர் காலனிக்காரர்களோடு தகராறு ஆகியிருந்தது. அவர்கள் ஒரு பிரசவக்காரிக்காகக் கிளையை வெட்டி வழி பண்ணியிருக்கிறார்கள், இவர்கள் தடுத்திருக்கிறார்கள், கல் பறந்து நம் ஆள் ஒருத்தனுக்கு மண்டை உடைந்திருந்தது. "இன்னிக்கு அவனுங்களை உடறதில்ல" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது காதில் விழுந்தது. ஏழுமலைக்கும் விழுந்திருக்க வேண்டும். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

கூட வேலை பார்த்தவருக்குக் கால் போய்விட்டது என்று மட்டும்தான் வீட்டுக்கு எழுதியிருந்தேன். என்ன ஆள் என்று எழுதவில்லை. கால்சட்டையும் கப்பல் சட்டையும் போட்டிருந்தவனைப் பார்த்து எல்லாரும் நம் ஆள் என்றே நினைத்துவிட்டார்கள். நம் பங்காளி ஒருவர், "வாங்க மச்சான், இப்பிடி ஒக்காருங்க. கப்பல்ல கஷ்டப்பட்டு வந்துகினு இருக்கீங்க" என்று மரத்தின்மேல் துண்டை விரித்து உட்காரவைத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பித்தளை டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஏழுமலை வாங்கி வாய் வைத்தான்.

பாப்பா, எனக்கு அப்போது பயம் இல்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. பதினோரு மாதம் அவனோடு ஒரே தட்டில் தின்றவன் நான். ஆனால் என் ஊர் எல்லையில், என் பங்காளி வீட்டு டம்ளரில் அவன் உதடு பட்டதைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று திடுக்கிட்டு, என் வாய் தானாகவே பேசிவிட்டது. "டம்ளர்ல குடுத்துட்டீங்களே. அவரு நம்ம ஆளு இல்லணா. அந்த ஊரு காலனி."

ஏழுமலை டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "நீ இன்னாடா சொன்ன?" என்றான். அவன் 'டா' போட்டதும் கூட்டம் உறுமியது. பெரியப்பா டம்ளரைத் தட்டிவிட்டார். அவன் எழுந்து நிற்கக் கட்டையை ஊன்றினான். அந்தக் கட்டையை அக்குளிலிருந்து பிடுங்கினார். அவன் குப்புற விழுந்தான். அதே கட்டையால் முதுகில் ஓர் அடி. புரண்டான். தோளில் ஓர் அடி. இன்னும் இரண்டு பேர் உதைத்தார்கள். "எந்தம்பிய டா போட்றியாடா, நொண்டி நாயே!" என்று கத்திக்கொண்டே பெரியப்பா கட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஈட்டி மாதிரி குத்தினார். ரப்பர் பிய்ந்த முனை. அது அவன் இடது கண்ணுக்குள் போனது.

நான் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவன் கண்ணைப் பொத்திய விரல்களுக்கிடையே வழிந்தது ரத்தம் மட்டும் இல்லை. பெரியப்பா மறுபடி கட்டையை ஓங்கினார். அப்போதுதான் என் காலடியில் கிடந்த கடப்பாரையை எடுத்தேன். ஓங்கிய கையைப் பார்த்து, என் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம். அவர் கை பின்பக்கமாக மடிந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவர், பாப்பா. "தம்பீ" என்றுதான் கத்தினார். அடுத்த நிமிஷம் எல்லாரும் என்மேல் விழுந்தார்கள். என் முன்பல் நாலும் அன்றைக்குப் போனவை. போலீஸ் வண்டி வருகிறது என்று யாரோ குரல் கொடுத்ததால்தான் உயிர் மிஞ்சியது. கூட்டம் வயலுக்குள் சிதறியது. நான் ஏழுமலையை முதுகில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கக் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்தேன்.

கரும்புச் சோகை இரண்டு பேரையும் கிழித்தது. அவன் என் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தான், சட்டை நனைந்து ஒட்டியது. தோட்டத்தின் மறுமுனையில் வரப்பில் ஏறியபோது மலையடிவாரத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது. "அது எங்க காலனிடா" என்றான். ஒற்றைக் கண்ணால் பார்த்து, "எங்க வூடு அந்தக் கடைசிடா. செல்லி உள்ள இருப்பாடா. ஓடுடா" என்று என் தலையில் அடித்தான். ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது கூரைகள் எரிந்து விழுந்துகொண்டிருந்தன. கோழிகள் கருகிக் கிடந்தன. ஜனம் எல்லாம் மலைப்பக்கம் ஓடிவிட்டிருந்தது. அவன் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்த உரலைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

அடிவாரத்தில் ஒரு காய்ந்த ஓடையில் அவர்கள் ஒளிந்திருந்தார்கள். செல்லி இடுப்பில் பிள்ளையோடு எழுந்து வந்தாள். ஒற்றைக் காலோடும் கண்ணில்லாத முகத்தோடும் புருஷனை அப்போதுதான் பார்க்கிறாள். அவள் அழவில்லை. "யாரு?" என்றாள். நான் சொன்னேன். "எங்கண்ணன். நான்தான் இவன் யாருன்னு சொல்லிட்டேன்." கையிலிருந்த சொம்பால் என் முகத்தில் அடித்தாள். ஏற்கெனவே பல் போன வாயில் அடித்தாள். பிள்ளை வீரிட்டு அலற அலற, சொம்பு நசுங்கும்வரை அடித்தாள். யாரும் தடுக்கவில்லை. நானும் முகத்தைத் திருப்பவில்லை.

சாமை விற்க இறங்கி வந்து, சந்தைக்குப் போக வழியில்லாமல் திரும்பிக்கொண்டிருந்த மலைக்காரர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். கீழே எந்த ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் சேலம் ரோடு பிடிக்கலாம் என்றார்கள். ஒரு மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டி டோலி செய்தார்கள். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர். தோள் மாற்றிக்கொள்ள நான் கழியைத் தொட்டபோது செல்லி என் கையைத் தட்டிவிட்டாள். "நீ தொடாத." பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு அவளே தோள் கொடுத்தாள். வெள்ளிமலைவரை ஏற்றம் முழுக்க நான் பின்னால் நடந்தேன். எனக்குக் கிடைத்த வேலை சுனையில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது. அதையும் மலைக்காரர் கையில் கொடுத்து அவர்தான் அவளிடம் கொடுப்பார். கருமந்துறையில் ஒரு லாரி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. கண்ணைத் தோண்டி எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சீழ் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார் டாக்டர்.

அதோடு முடிந்திருந்தால் நான் உன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பேன். ஒரு வாரம் கழித்து ஏட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். ஏழுமலை, "எனக்கு அவங்க யாரையும் முன்ன பின்ன தெரியாதுங்க. கூட இருந்தவன் சொல்வான்" என்று என்னைக் காட்டினான். காட்டிய விதத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அவ்வளவு நடந்த பிறகும் இருந்தது. செல்லி கட்டிலின் கால்மாட்டில் நின்று என் வாயையே பார்த்தாள். முந்தின நாள்தான் நம் ஊரிலிருந்து ஆள் வந்து, பெரியம்மா நிறைமாசம், பெரியப்பா கை புழுத்துக் கிடக்கிறார், ஜெயிலுக்குப் போனால் செத்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். "பெருங்கூட்டம் சார். யாருன்னு தெரியல" என்றேன். ஏட்டு எழுதிக்கொண்டார். செல்லி தரையில் காறித் துப்பினாள். ஏழுமலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சாயங்காலம் நான் காப்பி வாங்கிக்கொண்டு போனபோது, "வச்சிட்டுப் போங்க" என்றான். அன்றைக்குப் போன 'டா' திரும்பி வரவே இல்லை, பாப்பா.

அப்புறம் நீ அறிந்ததுதான். போராட்டம் ஜெயித்தது, ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் உனக்குக் காலேஜில் சீட் கிடைத்தது. பட்டியலில் உன் பேரைப் பார்த்த அன்று பெரியப்பா வளைந்த கையால் உன்னைத் தூக்கிச் சுற்றினார். அவர் உன்மேல் வைத்த பாசம் பொய் இல்லை. நீ படித்ததற்குக் கூனிக்குறுக வேண்டியதும் இல்லை. சுடப்பட்டுச் செத்தவர்களும் அடிபட்டவர்களும் நம்மிலும் உண்டு, அது உன் உரிமை. ஆனால் அந்த ரோட்டில் ஒரு கண்ணும் கிடக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏழுமலை ஊருக்குத் திரும்பவில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சைக்கிள் பஞ்சர் கடை போட்டான். மாதம் ஒருமுறை நான் போவேன், வாசலில் நிற்பேன், ஏதாவது பேசுவான், வந்துவிடுவேன். உனக்குப் பத்து வயது இருக்கும், புது சைக்கிளுக்குப் பெல் மாட்ட உன்னைக் கூட்டிப்போனேன். "மாமா, உங்க கண்ணு எப்பிடிப் போச்சு?" என்று பட்டென்று கேட்டாய். கடைக்குள் செல்லி சாமான் துலக்கிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் நின்றது. ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பெல்லைத் திருகிக்கொண்டே, "கப்பல்ல கயிறு அறுந்துச்சு பாப்பா. காலும் கண்ணும் ஒரே அடியில போச்சு" என்றான். எனக்காகச் சொன்னானா, உனக்காகச் சொன்னானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அந்தப் பொய்யை நான் எடுத்துப் போர்த்திக்கொண்டு இத்தனை வருஷம் தூங்கினேன்.

போன வாரம் கருணாபுரம் போனேன். நீ கடலுக்குப் போவதைச் சொல்லி, உண்மையை உன்னிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். செல்லிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கதவுக்குள்ளிருந்தே பேசினாள். "இன்னாத்துக்கு? உன் பொண்ணு தண்ணி மேல போறான்னதும் பயம் வந்துடுச்சா? உன் பாவத்த எறக்கிக்க எங்க வாசல்தான் கெடச்சுதா?" அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகு இல்லை. ஏழுமலை ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். "பாப்பா கிட்ட பேசாதீங்க, எழுதுங்க. பேசினா பாதியில நிறுத்திக்குவீங்க" என்றான். ட்யூபை வெளியே எடுத்துத் துடைத்தபடி, "எம் பேர போடுங்க. காலனிக்காரன் ஒருத்தன்னு எழுதிடாதீங்க" என்றான். நான் அழ ஆரம்பித்தேன். "அத வூட்ல போய் செய்யுங்க. ஆளு வர்ற நேரம்" என்றான். வந்துவிட்டேன்.

நேற்று இதில் பாதியைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கட்டை என்ற இடம் வந்ததும் இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்து காகிதத்தில் சொட்டியது, நாலாம் பக்கத்தில் இருக்கிற கறை அதுதான். "நாப்பது வருஷம் பொத்தி வச்சத இப்ப அவ கிட்ட சொல்லணுமா? அவ இனிமே என்னை பெரிப்பான்னு கூப்புடுவாளாடா?" என்றார். நான் சட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "மீதியையும் படி" என்றார். படித்து முடித்ததும் எழுந்து போய்விட்டார். சனிக்கிழமை உனக்காகப் போடுகிற விருந்துக்கு அவர் வரமாட்டார். ஏன் என்று அம்மாவிடம் கேட்காதே. அவளுக்கும் இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

உன் கப்பலில் எந்தெந்த நாட்டு ஆட்களோ இருப்பார்கள். கீழ்த்தளத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களோடு நீ உட்கார்ந்து சாப்பிடுவாய், அது எனக்குத் தெரியும், நானும் சாப்பிட்டவன்தான். கரைக்கு வந்த பிறகு, நம் ஆட்கள் நடுவே, நம் ஊர் ரோட்டில் நிற்கும்போது உன் வாய் என்ன சொல்கிறது என்று பார். நாலு மாதம் கழித்து நீ திரும்பி வரும்போது கருணாபுரம் போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் என் சார்பாக மன்னிப்புக் கேட்காதே. அது உன் வேலை இல்லை.

ஞாயிறு காலை நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். நீ என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. உன் பெட்டி ரெண்டும் கனமாக இருக்கின்றன. அவற்றை மேலே ஏற்றி வைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அப்பா